ஓஸ்வால்டின் இடது கன்னம்

தவக்காலம் தொடங்குகிற விபூதிப் புதன் பூசை முடிந்து வீட்டுக்கு வந்த ஓஸ்வால்ட், முகம் கழுவக் கண்ணாடி முன் நின்றபோது, சாமியார் நெற்றியில் பூசிய சாம்பலில் கொஞ்சம் இடது கன்னத்திலும் சிந்திவிட்டது என்றுதான் நினைத்தார். துண்டின் நுனியை நனைத்துத் துடைத்தார். போகவில்லை. சோப்புப் போட்டுத் தேய்த்தார். நெற்றியில் இருந்த சிலுவை கரைந்து ஓடியதே தவிர, கன்னத்தில் இருந்தது அசையவில்லை. விரலால் தடவினால் லேசாகத் தட்டுப்பட்டது. அது சாம்பல் இல்லை, சொந்தத் தோல்தான்.

கன்னத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. அறுபத்தொரு வயதில் யாருக்குத்தான் இல்லை? பெங்களூர் விவேக் நகரில் அந்தத் தெருவில் மட்டும் அந்த வயதில் இருபது பேர் இருப்பார்கள். இருபது பேர் முகத்திலும் தேடினால் நாற்பது புள்ளி கிடைக்கும். ஆனால் ஓஸ்வால்டுக்கு ஓர் அண்ணன் இருந்தார், ஃபிராங்க்ளின் என்று. ஆறு வருஷத்துக்கு முன்னால் அவருக்குக் குதிகாலில் இப்படித்தான் ஒரு புள்ளி வந்தது. செருப்புக் கடித்ததென்று சொல்லிக்கொண்டு மார்ச் மாதத்திலிருந்து கண்ட களிம்பையெல்லாம் தடவிக்கொண்டிருந்தார். கடைசியில் தம்பிதான் இழுத்துப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். கேன்சர் என்றார்கள், காலம் கடந்துவிட்டது என்றார்கள். நவம்பரில் அடக்கம் முடிந்துவிட்டது.

அப்படிப்பட்ட அண்ணனைப் பார்த்த தம்பி என்ன செய்யவேண்டும்? மறுநாள் காலையில் டாக்டர் வீட்டு வாசலில் நிற்கவேண்டும். அதுதானே நியாயம்? ஓஸ்வால்ட் நிற்கவில்லை. டாக்டரிடம் போனால் டாக்டர் வாயைத் திறப்பார். திறந்தால் அந்த வார்த்தை வந்துவிடும். போகாதவரைக்கும் அது வெறும் கரும்புள்ளிதான், அழகு சம்பந்தப்பட்ட சமாச்சாரம். புத்திசாலிக்குப் பயம் வந்தால் அந்தப் பயத்துக்கும் நாலு காரணம் கண்டுபிடித்து வைத்திருப்பான் என்பதற்கு இந்த மனுஷர் நல்ல உதாரணம்.

புத்திசாலி என்று சும்மா சொல்லவில்லை. ஒரு பெரிய சர்க்கார் தொழிற்சாலையில் முப்பத்து நாலு வருஷம் இன்ஸ்பெக்ஷன் பகுதியில் வேலை பார்த்தவர். உதிரிப் பாகங்களை வெர்னியர் என்கிற இடுக்கி அளவுகோலை வைத்து அளந்து, சரியாக இருந்தால் பச்சைச் சீட்டு, மயிரிழை தப்பினாலும் சிவப்புச் சீட்டு. அவர் சிவப்புச் சீட்டு ஒட்டியதை மேனேஜரே வந்து கேட்டாலும் எடுக்கமாட்டார். வீட்டிலும் அப்படித்தான். சப்பாத்தி வட்டமாக இல்லை என்று சொல்லித் திட்டு வாங்குவார். அவருடைய மனைவி நோரா பள்ளிக்கூட டீச்சர். இன்னும் ஒரு வருஷம் சர்வீஸ் பாக்கி. "முப்பது வருஷமா இவர்கிட்ட இன்ஸ்பெக்ஷன்ல நிக்கறேன், இன்னும் பச்சைச் சீட்டு வரல" என்று உறவுக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே பரண் மேலிருந்த டூல் பாக்ஸை இறக்கி, வெர்னியரைத் துடைத்து, கன்னத்தில் வைத்து அளந்துவிட்டார். எட்டு புள்ளி இரண்டு மில்லிமீட்டர். ஒரு சின்ன நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொண்டார். வாராவாரம் ஞாயிறு காலை, முதல் பூசைக்குக் கிளம்புவதற்கு முன்னால் அளப்பது என்று முடிவு.

அளந்தால் போதுமா? போக்கவும் வேண்டுமே. வழி குளியலறை அலமாரியிலேயே இருந்தது. மகள் ஜோவிதா இருபத்தாறு வயது, சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. அவளுடைய தட்டு முழுக்கக் குட்டிக் குட்டி பாட்டில்கள். சீரமாம். காலையில் ஒன்று, ராத்திரியில் ஒன்று, பருவுக்கு ஒன்று, கண்ணுக்குக் கீழே ஒன்று. அதில் ஒரு பாட்டிலில் கரும்புள்ளிகளை மங்கவைக்கும் என்று போட்டிருந்தது. ஓஸ்வால்ட் சொட்டுக்குழாயால் உறிஞ்சி ஐந்து சொட்டு வைத்தார். காலையில் ஐந்து மணிக்கு, வீடு எழுந்திருக்கும் முன்னால். சாயங்காலம் நோரா ட்யூஷன் எடுக்கும் நேரத்தில் இன்னொரு ஐந்து.

மூன்றே வாரத்தில் பாட்டில் அடி தெரிந்தது. ஒருநாள் காலை ஜோவிதா பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

"மம்மி, என் சீரம் நீ யூஸ் பண்றியா? நான் மூணு மாசம் வச்சுக்கற பாட்டில் இது."

"எனக்கெதுக்குடி அது? நான் பாண்ட்ஸ் பவுடரோட நின்னவ."

"அப்ப யாரு, பல்லியா?"

ஹாலில் ஓஸ்வால்ட் பேப்பரைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார். அம்மாவும் மகளும் வீட்டில் மிச்சமிருக்கும் ஒரே ஆளை யோசித்தார்களோ என்னவோ, ஜோவிதா 'சும்னே விடு, போகட்டும்' என்று ஆஃபீசுக்குக் கிளம்பிவிட்டாள். நோரா மட்டும் காபி டம்ளரை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

அன்றைக்கே ஓஸ்வால்ட் சொந்தமாக வாங்குவதென்று முடிவு கட்டினார். விவேக் நகரில் வாங்க முடியாது. கடைக்காரரிலிருந்து கல்லாவில் நிற்பவர் வரைக்கும் எல்லோரும் ஒரே பங்குக் கோயில். மத்தியானம் வாங்கினால் சாயங்கால ஜெபமாலைக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு சிவாஜிநகர் போனார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ஃபேன்சி ஸ்டோர். கவுண்டரில் இருந்த ஹரிஷ்குமார் தர்மபுரிப் பக்கத்து ஆள், தொழிலில் கெட்டி.

"யாருக்கு சார்?"

"வீட்ல மேடத்துக்கு."

"மேடத்துக்கு ஆயிலி ஸ்கின்னா, ட்ரை ஸ்கின்னா?"

முப்பது வருஷம் கூடவே வாழ்ந்த மனைவியின் தோல் எண்ணெய் வடிவதா, வறண்டதா என்று ஓஸ்வால்டுக்குத் தெரியவில்லை. "ரெண்டுக்கும் நடுவுல" என்றார்.

"வயசு?"

"அறுபத்தொண்ணு." நோராவுக்கு ஐம்பத்தெட்டு முடியவில்லை.

"கருந்திட்டா சார், பருத் தழும்பா, இல்ல மரு மாதிரி தூக்கிட்டு இருக்கா? ஒவ்வொண்ணுக்கும் வேற வேற. மேடத்தைக் கூட்டிட்டு வந்துடுங்களேன். மூஞ்சியைப் பார்க்காம குடுத்தா அது எனக்கே சரியாப் படாது."

சொல்லும்போதே ஹரிஷ்குமாரின் கண் ஓஸ்வால்டின் இடது கன்னத்துக்குப் போய்விட்டுத் திரும்பியது. விஷயம் புரிந்துவிட்டது, ஆனால் நல்ல வியாபாரி, வாயைத் திறக்கவில்லை. ஒரே ஒரு பாட்டிலை எடுத்து வைத்தான். "இது ஒண்ணு போதும் சார். முதல்ல காதுக்குப் பின்னாடி ஒரு சொட்டு, மூணு நாள் பார்க்கச் சொல்லுங்க. அரிக்கலைன்னா முகம் பூரா மெல்லிசா. பகல்ல வெயில் க்ரீம் கட்டாயம். ரெண்டு மாசம் பொறுமையா இருக்கச் சொல்லுங்க மேடத்தை."

கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. ரெண்டு மாசம் பொறுமையாக இருக்க ஓஸ்வால்டுக்கு எங்கே நேரம்? அண்ணனுக்கு எட்டு மாதம்தான் கிடைத்தது. அவர் ஒரு கடையில் ஒன்று, அடுத்த தெருவில் ஒன்று, கமர்ஷியல் தெருவில் இரண்டு என்று ஏப்ரலுக்குள் ஏழு பாட்டில் சேர்த்துவிட்டார். விட்டமின் சி, நியாசினமைட், ரெட்டினால், அமிலம் கலந்தது இரண்டு வகை, இன்னும் வாயில் நுழையாத பெயரில் இரண்டு. எல்லாம் டூல் பாக்ஸில், ஸ்க்ரூ டிரைவர்களுக்கு அடியில் பழைய பனியனில் சுற்றிக் கிடந்தன.

உபயோகித்த விதத்தைக் கேட்டால் யாருக்கும் தலை சுற்றும். தொழிற்சாலையில் ஒரு இரும்புப் பாகத்துக்குப் பூச்சுக் கொடுக்கவேண்டுமென்றால் முதலில் எண்ணெய்ப் பிசுக்கைப் போக்குவார்கள், அப்புறம் ஆசிட்டில் முக்கித் துருவை எடுப்பார்கள், கழுவுவார்கள், அப்புறம் ஒன்றன்மேல் ஒன்றாகப் பூச்சு. முப்பத்து நாலு வருஷம் பார்த்த முறை. ஓஸ்வால்ட் தன் கன்னத்தையும் அந்த வரிசையிலேயே நிறுத்தினார். சோப்பு, முதல் ஆசிட், இரண்டு நிமிஷம், இரண்டாவது ஆசிட், இரண்டு நிமிஷம், அப்புறம் மற்ற ஐந்தும். முகம் முழுக்க இல்லை. நல்ல இடத்தில் எதற்குச் செலவழிக்கவேண்டும்? காது குடையும் பஞ்சுக் குச்சியில் தோய்த்துப் புள்ளியின்மேல் மட்டும். சில நாள், நன்றாக ஊறட்டும் என்று மேலே ஒரு பிளாஸ்திரி வேறு. ஷேவ் பண்ணும்போது வெட்டிவிட்டது என்று நோராவிடம் சொன்னார். எரிந்தது. எரிந்தால் வேலை செய்கிறது என்று அர்த்தம் பண்ணிக்கொண்டார்.

வேலை செய்யத்தான் செய்தது. ஏப்ரல் முதல் வாரம் எட்டு புள்ளி ஆறு. ஈஸ்டர் கழிந்து எட்டு புள்ளி ஒன்பது. மே மாதம் ஒன்பது புள்ளி நாலு. ஓரம் சிவந்து, ஒரு பக்கம் தடித்து, உருவமே மாறிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு ஞாயிறும் எழுதிய எண்ணைப் போன வாரத்து எண்ணோடு ஒப்பிட்டார். வளருகிறது. அண்ணனுக்கு வளர்ந்த மாதிரியே வளருகிறது. செத்துப்போய்விடுவோம் என்று அவர் பயந்தார். அதைவிட, நோராவிடம் எப்படிச் சொல்வது என்று பயந்தார். பயம் ஏற ஏறச் சொட்டும் ஏறியது.

சனிக்கிழமைகளில் கோயிலில் பாட்டுப் பயிற்சி உண்டு. ஓஸ்வால்ட் நல்ல கட்டைக் குரல்காரர். நோராவுக்குப் பாட்டு வராது. பின் பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் திருத்துவாள். ஒரு சனிக்கிழமை, பாடகர் குழுவில் இருக்கும் கேரல் அவரை நின்று பார்த்தாள். கேரல் கணவனை இழந்தவள், கலகலப்பானவள், வாயில் பூட்டுக் கிடையாது.

"என்ன ஓஸ்வால்ட் அண்ணா, ரிட்டயர் ஆனப்புறம் முகம் பளபளன்னு இருக்கு? அடிக்கடி கண்ணாடியில பார்த்துக்கறீங்க. ஸ்கூட்டர் கண்ணாடியக்கூட விடமாட்டேங்கறீங்களாமே."

குழுவே சிரித்தது. ஓஸ்வால்டும் சிரித்துவைத்தார். கேரல் புள்ளியைப் பார்த்துவிட்டாளோ என்ற ஒரே கவலையில் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். பின் பெஞ்சில் நோரா சிரிக்கவில்லை என்பதை அவர் கவனிக்கவே இல்லை. ஸ்கூட்டரில் எப்போதும் அவர் தோளைப் பிடித்துக்கொள்கிறவள், அன்றைக்குப் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அதையும் கவனிக்கவில்லை.

மே கடைசி ஞாயிறு குட்டு உடைந்தது. குளியலறைத் தாழ்ப்பாள் பல நாளாக ஆடிக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்கிறேன் என்றுதான் அவர் டூல் பாக்ஸை அடிக்கடி இறக்குவதற்கே காரணம் சொல்லிக்கொண்டிருந்தார். சரிசெய்தபாடில்லை. ஜோவிதா அன்றைக்கு, ஞாயிறானாலும் ஏதோ மீட்டிங் என்று காலையிலேயே எழுந்தவள், கதவைத் தள்ளினாள். உள்ளே அவளுடைய அப்பா, கண்ணாடிமுன் நின்று, வெர்னியரின் இரண்டு தாடைக்கும் நடுவில் தன் கன்னத்தைக் கொடுத்துக்கொண்டு, கண்ணை இடுக்கி எண்ணைப் படிக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டாடி, என்ன பண்ற?"

"ஒண்ணுமில்ல. போ."

"ஸ்பானர் வச்சு ஷேவ் பண்றியா?"

அவளுக்குச் சிரிப்பு அடக்கமுடியவில்லை. அலமாரியில் வரிசையாக நின்ற ஏழு பாட்டிலைப் பார்த்தாள், இன்னும் சிரித்தாள். "அப்ப அந்தப் பல்லி நீதானா?" பக்கத்தில் திறந்து கிடந்த நோட்டை எடுத்தாள். தேதிகள், எண்கள். பக்கத்தைத் திருப்பினாள். அங்கே அப்பாவின் அச்செழுத்து மாதிரியான கையெழுத்தில், 'ஃபிராங்க்ளின். கண்டது மார்ச். இறந்தது நவம்பர்' என்று இருந்தது. அதற்குக் கீழே, 'நான். கண்டது பிப்ரவரி. அக்டோபர்?' என்றும், 'ஸ்கூட்டர், கேஸ் கனெக்ஷன் நோரா பெயருக்கு மாற்றவேண்டும்' என்றும் இருந்தது.

ஜோவிதாவின் சிரிப்பு நின்றுபோனது.

"எவ்வளவு நாளா டாடி?"

"தவக்காலம் ஆரம்பிச்சதுலேர்ந்து."

"மம்மிக்குத் தெரியுமா?"

"தெரியாது. சொல்லாதம்மா. உன் பெரியப்பா போனப்ப அவ பட்ட பாடு உனக்குத் தெரியாது. முதல்லேர்ந்து இன்னொரு தடவை அவளை ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலையவைக்க முடியாது."

"சரி, சொல்லல. ஆனா நீ என்கூட டாக்டர்கிட்ட வர. இந்த வாரமே. பேரம் கிடையாது."

ஓஸ்வால்ட் தலையாட்டினார். மாட்டிக்கொண்டதில் அவருக்கு வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் நெஞ்சில் கிடந்த பாரத்தில் ஒரு பங்கை யாரோ தூக்கிக்கொண்ட மாதிரியும் இருந்தது.

அல்சூர் ஏரிக்குப் பின்பக்கத் தெருவில் டாக்டர் ரக்ஷிதாவின் க்ளினிக். மைசூர்க்காரி, தமிழ் பேசுவாள், அவசரத்துக்குக் கன்னடத்துக்கு நழுவிவிடுவாள். நகைக்கடைக்காரர் கண்ணில் மாட்டுகிற மாதிரி விளக்கு வைத்த ஒரு லென்ஸைக் கன்னத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தாள். 

"அங்கிள், இதுமேல என்ன போட்டீங்க?"

ஜோவிதா பையைத் திறந்து ஏழு பாட்டிலையும் மேஜைமேல் வரிசையாக வைத்தாள். டாக்டர் ஒவ்வொன்றாகத் திருப்பிப் படித்தாள்.

"எல்லாம் ஒரே சமயத்திலயா?"

"இல்ல டாக்டர், ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணு. நடுவுல ரெண்டு ரெண்டு நிமிஷம் விட்டுதான்."

"ஐயோ தேவரே" என்று கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டாள் டாக்டர். பிறகு தன்னைச் சமாளித்துக்கொண்டு பொறுமையாகச் சொன்னாள். "இதெல்லாம் கெட்டது இல்ல அங்கிள். ஒவ்வொண்ணும் ஒரு வேலைக்கு. இது பழைய தோலை உரிக்கும். இதுவும் உரிக்கும். இது புதுத் தோலை வேகமா வரவைக்கும். ஒண்ணு போட்டு, ஒத்துக்குதான்னு பார்த்து, அப்புறம் தேவைன்னா இன்னொண்ணு. நீங்க உரிச்ச இடத்திலயே உரிச்சு, மேல பிளாஸ்திரியும் போட்டு ஊறவச்சிருக்கீங்க. வெயில் க்ரீம் போட்டீங்களா?"

"இல்ல. அது புள்ளிக்கு இல்லையே."

"அதுதான் முதல்ல வாங்கவேண்டியது."

"டாக்டர், அது வளருது." ஓஸ்வால்ட் நோட்டை நீட்டினார். "எட்டு ரெண்டுலேர்ந்து ஒன்பது நாலு. நான் அளந்திருக்கேன்."

டாக்டர் நோட்டைப் பார்த்தாள், ஜோவிதாவைப் பார்த்தாள். "ஓரமெல்லாம் வீங்கியிருக்கு அங்கிள். நீங்க அளந்தது புள்ளியையா, வீக்கத்தையான்னு எனக்கே இப்பத் தெரியல. நடுவுல பார்த்தா ஒண்ணும் பயமில்லாததாத்தான் தோணுது. ஆனா இடது ஓரம் புண்ணாகியிருக்கு, தெளிவாத் தெரியல. உங்க குடும்பத்துல ஒருத்தருக்கு வந்திருக்கறதால நான் பாதி பார்த்துட்டுச் சொல்லமாட்டேன். மூணு வாரம் எதையும் தொடாதீங்க. சாதா மாய்ஸ்சரைசர், வெயில் க்ரீம், அவ்வளவுதான். அளக்கவும் வேண்டாம். தோல் ஆறினப்புறம் வாங்க. அப்பவும் சந்தேகமா இருந்தா சின்னதா வெட்டி டெஸ்டுக்கு அனுப்பலாம். பயபடபேடி."

பயப்படாதே என்று எந்த பாஷையில் சொன்னால் என்ன, பயம் போய்விடுமா? ஆனால் ஓஸ்வால்டை அதிகமாக அறைந்தது வேறொன்று. யாராவது ஒரு பாகத்தைத் தேய்த்து, சுரண்டி, மேலே பெயிண்ட் அடித்து இன்ஸ்பெக்ஷனுக்கு அனுப்பினால் அவர் அதை அளக்கவே மாட்டார். 'ஏன்யா கை வச்சே' என்று திருப்பி அனுப்பிவிடுவார். இன்றைக்கு அதே வேலையை அவரே, தன் முகத்திலேயே பண்ணிக்கொண்டு வந்து நிற்கிறார். கை வைக்காமல் பிப்ரவரியிலேயே வந்திருந்தால் அரை மணியில் தெரிந்திருக்கும். 

அந்த மூன்று வாரம் இருக்கிறதே, அது அவருக்கு மூன்று வருஷம். கை அரித்தது. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் கால் தானாகப் பரண் பக்கம் போயிற்று. ஜோவிதா வெர்னியரை எடுத்துத் தன் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். காலையில் அவளே வாங்கித் தந்த வெயில் க்ரீமைப் பூசிக்கொண்டு வெளியே வந்தால் முகம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருந்தது. நோரா பார்ப்பாள். ஒன்றும் கேட்கமாட்டாள். முன்பெல்லாம் சப்பாத்திக்கு ஒரு வார்த்தை, காபிக்கு ஒரு வார்த்தை என்று சண்டைக்கு வருகிறவள், இப்போது தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள். ரிட்டயர் ஆகப்போகிற கவலையாக இருக்கும் என்று ஓஸ்வால்ட் நினைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமைகளில் இருவரும் வழக்கம்போலக் குழந்தை இயேசு கோயில் நவநாள் ஜெபத்துக்குப் போனார்கள். பக்கத்தில் பக்கத்தில் முழங்கால் போட்டார்கள். ஓஸ்வால்ட் கண்ணை மூடி, 'ஆண்டவரே, இந்த ஒரு தடவை விட்டுடும்' என்று கேட்டுக்கொண்டார். கண்ணைத் திறந்தபோது நோராவின் உதடுகள் இன்னும் அசைந்துகொண்டிருந்தன, கண் நனைந்திருந்தது. என்ன வேண்டிக்கொண்டாய் என்று அவர் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

ஜூன் கடைசியில் மறுபடி அல்சூர். சிவப்பு வடிந்து, தடிப்பு அடங்கி, பழையபடி ஒரு புள்ளியாக இருந்தது. டாக்டர் ரக்ஷிதா லென்ஸை வைத்தாள், படம் எடுத்தாள், திரையில் பெரிதாக்கிக் காட்டினாள்.

"பாருங்க அங்கிள். ஓரம் சுத்தமா இருக்கு. மேல மெழுகு ஒட்டின மாதிரி இருக்கா? வயசுக்கு வர்ற ஒரு வகை மரு. நூத்துக்கு அம்பது பேருக்கு வரும். கேன்சர் இல்ல."

"இனிமே மாறுமா?"

"மாறாது."

"ஓரத்துல சந்தேகம்னு சொன்னீங்களே."

"அது நீங்க பண்ணின காயம். ஆறிடுச்சு."

"வெட்டிப் பார்க்கவேணாமா?"

"வேணாம். எந்த சீரம் போட்டாலும் இது போகாது. கருப்பா தட்டையா இருக்கறது மங்கும்; தூக்கிட்டு இருக்கறது மங்காது. பார்க்க நல்லா இல்லைன்னா சொல்லுங்க, அஞ்சு நிமிஷத்துல எடுத்துடறேன். மத்தபடி இது உங்களை ஒண்ணும் பண்ணாது. ஏனூ இல்ல அங்கிள், ஒண்ணுமே இல்ல."

மூன்று தடவை கேட்டு மூன்று தடவையும் அதே பதில். ஓஸ்வால்ட் எழுந்து டாக்டருக்குக் கைகூப்பினார். வெளியே வந்து ஏரிக் காற்றுப் பட்டதும் க்ளினிக் வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். உயிர் போய் உயிர் வந்ததென்று ஜனங்கள் சொல்வது எத்தனை சரி என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கண்ணீர் தாரை தாரையாக வந்தது. அதைத் துடைக்கவும் தோன்றவில்லை. ஜோவிதா பக்கத்தில் உட்கார்ந்து தோளில் சாய்ந்துகொண்டாள்.

"டாடி, போலாமா?"

"பசிக்குதும்மா" என்றார் ஓஸ்வால்ட். நாலு மாதத்தில் முதல் தடவையாக அவருக்கு உண்மையாகவே பசித்தது. இரண்டு மசால் தோசை சாப்பிட்டார். மாவு புளிப்பு என்று சர்வரிடம் குறை சொன்னார். மகளுக்கு அப்பா திரும்பி வந்துவிட்டார் என்ற நிம்மதி.

"மம்மிகிட்ட நீதான் சொல்லணும்" என்று வாசலில் இறக்கிவிட்டு ஜோவிதா ஆஃபீஸ் போய்விட்டாள்.

நோரா அன்றைக்கு அரை நாள் பள்ளிக்கூடம் முடிந்து வந்து, சாப்பாட்டு மேஜையில் கணக்குப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தாள். ஓஸ்வால்ட் எதிரில் உட்கார்ந்து, மென்று முழுங்கி, முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். கன்னம், அண்ணன், நோட்டு, பாட்டில்கள், டாக்டர். நல்ல செய்தியைக் கடைசியில் சொன்னார். இனி அழுவாள் அல்லது திட்டுவாள் என்று தயாராக இருந்தார். நோரா சிவப்பு மைப் பேனாவை மூடி வைத்தாள்.

"அப்ப கேரல் இல்லையா?"

"கேரலா? கேரலுக்கு என்ன?"

"அவளுக்காக இல்லையா இதெல்லாம்?"

ஓஸ்வால்டுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. நோரா அவரைப் பார்க்காமல் பேப்பர் கட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"ஜோவி வந்து சீரம்னு கேட்டப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, நீங்கதான்னு. அப்புறம் ஒருநாள் ஸ்க்ரூ டிரைவர் எடுக்க அந்தப் பெட்டியத் திறந்தேன். ஏழு பாட்டில். பனியன்ல சுத்தி ஒளிச்சு. அறுபத்தொரு வயசு ஆம்பள, பொண்டாட்டி எழுந்திருக்கறதுக்கு முன்னாடி எழுந்து மூஞ்சிக்கு என்னத்தையோ பூசிக்கிட்டு, கண்ணாடிய விட்டு நகரமாட்டேங்கறான்னா, நான் என்னன்னு நினைக்கறது? கோயில்ல அவ வேற அப்படிக் கேட்டா. நீங்க மூஞ்சியத் திருப்பிக்கிட்டீங்க."

"புள்ளி தெரியக்கூடாதுன்னு திருப்பினேன் நோரா."

"எனக்கு என்ன தெரியும்? வியாழக்கிழமை வியாழக்கிழமை அதுக்குத்தான் முட்டி போட்டேன். இந்த வயசுல என்னை விட்டுட்டுப் போயிடக்கூடாதுன்னு."

ஓஸ்வால்டுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அவர், கேரல், சீரம். சிரித்தேவிட்டார். நோராவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவள் முகம் கோணி, அழுகை வந்துவிட்டது.

"நீங்க செத்துப்போயிடுவோம்னு நினைச்சுக்கிட்டு இந்த வீட்டுக்குள்ளயே நடமாடியிருக்கீங்க. நான் பக்கத்துல உட்கார்ந்து உங்களைத் திட்டிக்கிட்டு இருந்திருக்கேன், மனசுக்குள்ள. ஒரு வார்த்தை சொன்னா என்னங்க?"

"உனக்குக் கஷ்டம் குடுக்கவேணாம்னு..."

"அதுவே பெரிய கஷ்டம்னு தோணவே இல்லையா?"

அவள் எழுந்து அவர் பக்கத்தில் வந்தாள். தாடையைப் பிடித்து ஜன்னல் பக்கமாகத் திருப்பி, அந்தப் புள்ளியைக் கிட்டே பார்த்தாள். கட்டைவிரலால் மெதுவாகத் தடவினாள்.

"வலிக்குதா?"

"இல்ல."

"எனக்கு வலிச்சுதுங்க" என்றாள் நோரா.

ஓஸ்வால்ட் அந்தக் கையைத் தன் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். நோரா கையை எடுக்கவில்லை.